வயலில் கிடந்த கல்

‘ஃபெல்ஸ்பார்’ என்ற கனிமப் பெயருக்குப் பாறைக்கல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘ஃபெல்ஸ்’ என்பது பாறை. ஆகவே பொருள் தெளிவு என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். இந்த விளக்கத்துக்கு வயது இருநூறுக்கு மேல். வயதைத் தவிர வேறு மதிப்பு அதற்கு இல்லை.

இதைத் தொடங்கி வைத்தவர் அயர்லாந்து வேதியியலர் ரிச்சர்ட் கிர்வன். இந்தக் கல் கருங்கல்லில் கிடைக்கிறது, எனவே பெயர் ‘ஃபெல்ஸ்’ என்பதிலிருந்து வந்திருக்க வேண்டும், ‘ஃபெல்ட்’, அதாவது வயல், என்பதிலிருந்து அல்ல என்று 1794இல் தம் கனிம நூலில் தீர்ப்பளித்தார். எரியும் பொருளிலிருந்து ஒரு கூறு வெளியேறுகிறது என்ற ஃபுளோஜிஸ்டன் கொள்கையை 1791 வரை கட்டிக் காத்தவர் அவர். விட்ட பிடிவாதத்துக்கு ஈடாக இதைப் பிடித்தார் போலும். அவர் எழுத்திலிருந்து ‘ட்’ விழுந்தது. மூன்று மெய் அடுக்கி வந்தால் இடறும் நம் நாவுக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஜெர்மானியர் எழுதுவது ‘ஃபெல்ட்ஸ்பாட்’. பிரெஞ்சுக்காரரும் ‘ட்’டை விடவில்லை. சுவீடனின் வாலேரியஸ் 1747இல் வெளியிட்ட கனிம நூலில் வரும் வடிவத்திலும் வயல்தான் இருக்கிறது. கிர்வனுக்கு அரை நூற்றாண்டு முந்திய சான்று இது. அதற்கு மேல் ஒன்று கேட்கிறேன். ‘ஸ்பாட்’ என்பது பளபளக்கும் தளங்களாகப் பிளக்கும் கல்லுக்குச் சுரங்கத்தார் வைத்த பொதுப்பெயர். சுண்ணக ஸ்பாட் உண்டு, ஃபுளோரைட்டும் ஒரு ஸ்பாட். பலவும் பாறைப் பிளவுகளில், தாது நாளங்களில் கிடைப்பவை. எல்லாம் பாறையில் இருக்க, ஒன்றை மட்டும் ‘பாறை ஸ்பாட்’ என்று பிரித்துச் சொல்வானேன்? கருங்கல் சிதைந்த நிலத்தில், உழும்போது மேலே வந்து வெயிலில் மின்னும் கல்லை ‘வயல் ஸ்பாட்’ என்றால் பெயர் வேலை செய்கிறது.

பிளவைப் பார்த்துப் பெயரிடும் வழக்கம் பின்னர் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் இருந்த கனிமவியலர் பிரைட்ஹாப்டுக்கும் வந்தது. ஃபெல்ட்ஸ்பாரின் பிளவுகள் செங்கோணத்தில் சந்தித்தால் ஆர்த்தோகிளேஸ் (1823), சாய்ந்து சந்தித்தால் பிளாஜியோகிளேஸ் (1847). இரண்டும் கிரேக்கச் சட்டை போட்ட சுரங்கப் பேச்சே.

நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் வேதியியலர்களான கானும் பெர்சீலியசும். சுவீடனின் ஃபாலுன் அருகே ஃபின்போவில் கிடைத்த சோடியம் ஃபெல்ட்ஸ்பாருக்கு 1815இல் ‘ஆல்பைட்’ என்றார்கள். லத்தீனில் ‘ஆல்பஸ்’ வெண்மை. ரோமர்கள் பொது அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகை ‘ஆல்பம்’; நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் அதன் வழிவந்தது. பெயர் அழகுதான், ஆனால் அடையாளம் காட்டாது. ஆல்பைட்டில் நீலச் சாயலும் சிவப்புச் சாயலும் உண்டு. வெள்ளை ஆர்த்தோகிளேஸும் உண்டு. புவி ஓட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் இனமே என்னும்போது வெளுப்பை மட்டும் நம்பி எதைக் கண்டுபிடிப்பது?

இலங்கையின் மீட்டியாகொடையில் தோண்டியெடுக்கும் நிலவுக்கல்லின் நீலப் பூச்சுக்கும் ஆல்பைட்டே காரணம். ஆர்த்தோகிளேஸுக்குள் மெல்லிய ஏடுகளாக அது படிந்திருக்க, ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. நகைக்கடையில் இதைச் சந்திரகாந்தம் என்று விற்கிறார்கள். நிலவில் நீர் கசியும் காவியச் சந்திரகாந்தமும் இதுவே என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். இந்தக் கல் எந்தப் பௌர்ணமிக்கும் கசியாது. கம்பனின் சந்திரசயிலப் படலத்தைக் கனிமவியல் பாடமாகப் படிக்க வேண்டாம்.

ஆல்பைட்டுக்கும் ஆர்த்தோகிளேஸுக்கும் பெயர் வைத்த பெருமை ஆய்வகத்தாருக்கே போகட்டும். தாய்ப்பெயர் வைத்தவன் கலப்பை முனையில் கல் இடறியவன். அவன் எந்த ஏட்டிலும் கையெழுத்திடவில்லை என்பதற்காக நான் இதைக் கிர்வனுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.