நாஜி ஜெர்மனியில் நீதிபதிகள்

ஹிட்லரின் ஆட்சி நடந்த 1933–1945 காலத்தில், அதிலும் போர் ஆண்டுகளில், ஜெர்மன் நீதித்துறை நடந்துகொண்ட விதம் நவீனச் சட்ட வரலாற்றின் மிகக் கறைபடிந்த பகுதிகளுள் ஒன்று. ஆட்சி மாறியபோது பணியிலிருந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் நாஜிக் கட்சி கொண்டுவந்து அமர்த்தியவர்கள் அல்லர். கைசர் காலத்தில் சட்டம் பயின்று, வைமர் குடியரசில் பதவி வகித்து, அதே இருக்கையில் இருந்தபடியே சர்வாதிகாரத்துக்குப் பணிசெய்யத் தொடங்கியவர்கள்.

1933 ஏப்ரல் 7ஆம் தேதி வந்த அரசுப் பணியாளர் சட்டம் யூத நீதிபதிகளையும், அரசியல் நம்பகம் இல்லாதவர்கள் எனக் கருதப்பட்டவர்களையும் வெளியேற்றியது. முதல் உலகப் போரின் போர்முனையில் நின்ற யூதர்கள் போன்றோருக்கு 1935 வரை விலக்கு கிடைத்தது. எஞ்சியிருந்த சக நீதிபதிகள் திரண்டு எதிர்க்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் லைப்சிக் நகரில், நாட்டின் உச்ச நீதிமன்றமான ரைக் நீதிமன்றத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் கூடி, கையுயர்த்தித் தலைவர் ஹிட்லரின் வழி நடப்பதாகச் சபதம் எடுத்தார்கள்.

ஆனால் அதே ரைக் நீதிமன்றம் ஹிட்லருக்கு ஒரு ஏமாற்றத்தைத் தந்தது. நாடாளுமன்றக் கட்டடத் தீவைப்பு வழக்கில் வான் டெர் லுப்பே என்ற டச்சு இளைஞருக்கு, குற்றம் நடந்த பிறகு இயற்றிய சட்டத்தின்படி மரண தண்டனை விதித்தாலும், டிமித்ரோவ் உள்ளிட்ட நான்கு கம்யூனிஸ்டுகளை 1933 டிசம்பரில் விடுதலை செய்தது. அதற்கு எதிர்வினையாகவே 1934 ஏப்ரலில் ‘மக்கள் நீதிமன்றம்’ உருவாக்கப்பட்டது. தேசத்துரோக வழக்குகள் அங்கே போயின. ஐவர் கொண்ட அமர்வில் இருவர் மட்டுமே சட்டம் படித்தவர்கள், மேல்முறையீடு கிடையாது. 1935இல் குற்றவியல் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டத்தில் குற்றமென்று எழுதப்படாத செயலையும், ‘ஆரோக்கியமான மக்கள் உணர்வு’ தண்டிக்கக் கோரினால், ஒப்புமை கொண்டு தண்டிக்கலாம் என்றானது.

போர் மூண்டதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் பெருகின. வானொலியில் கேட்ட எதிரிநாட்டுச் செய்தியைப் பரப்புவது, படையின் மன உறுதியைக் குலைக்கும்படி பேசுவது, விமானத் தாக்குதலுக்காக விளக்கணைத்த நேரத்தில் திருடுவது என எல்லாவற்றுக்கும் உயிர் பறிபோகலாம். 1939 செப்டம்பர் 5ஆம் தேதி வந்த ‘மக்கள் விரோதிகள்’ ஆணையின் சொற்கள் மிகத் தளர்வானவை. அவற்றை எவ்வளவு தூரம் இழுப்பது என்பது நீதிபதியின் கையில் விடப்பட்டது.

அதை ஒரு நீதிபதி எப்படி இழுத்தார் என்பதற்கு நியூரம்பர்க்கின் லியோ காட்சன்பெர்கர் வழக்கே சாட்சி. அவர் காலணி வணிகர், நகரின் யூத சமூகத் தலைவர், வயது 68. அவருடைய கட்டடத்தில் குடியிருந்த ஐரீன் சைலர் என்ற இளம்பெண்ணோடு அவருக்கு உறவு உண்டென்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். இருவரும் மறுத்தார்கள், ஐரீன் சத்தியப் பிரமாணம் செய்தே மறுத்தார். முதலில் விசாரித்த நீதிபதிக்குப் போதிய ஆதாரம் தென்படவில்லை. ஆனால் சிறப்பு நீதிமன்றத் தலைவர் ஓஸ்வால்ட் ரோத்தாக் வழக்கைத் தன் மன்றத்துக்கு இழுத்துக்கொண்டார். ஐரீன் மீது பொய்ச்சாட்சிக் குற்றம் சுமத்தி, இரு வழக்குகளையும் சேர்த்தே விசாரித்ததால், முதியவருக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார். யூதருக்கும் பிற ஜெர்மானியருக்கும் இடையிலான உறவைத் தடைசெய்த இனத் தூய்மைச் சட்டத்தின்படி உச்சபட்சத் தண்டனை சிறைதான். ரோத்தாக் அதில் நிற்கவில்லை. காட்சன்பெர்கர் விளக்கணைப்பு நேரத்தையும் போர்ச் சூழலையும் பயன்படுத்திக்கொண்டார் என்று கூறி, மக்கள் விரோதிகள் ஆணையின் கீழ் 1942 மார்ச்சில் மரண தண்டனை விதித்தார். ஜூன் தொடக்கத்தில் மியூனிக்கின் ஸ்டாடல்ஹைம் சிறையில் கில்லட்டினில் அது நிறைவேறியது. சட்டம் சொன்னதையே செய்தோம் என்று பின்னாளில் நீதிபதிகள் வாதாடினார்கள். இந்த வழக்கில் சட்டம் கேட்காத உயிரை நீதிபதிதான் தேடி எடுத்தார்.

ஹிட்லருக்கு இதுவும் போதவில்லை. மனைவியை அடித்துச் சாகக் காரணமான எவால்ட் ஷ்லிட் என்பவருக்கு ஓல்டன்பர்க் நீதிமன்றம் அதே மார்ச்சில் ஐந்தாண்டு சிறை விதித்த செய்தியை நாளிதழில் படித்துக் கொதித்தார். சில நாட்களில் ரைக் நீதிமன்றம் அதை மரண தண்டனையாக மாற்ற, ஏப்ரல் 2ஆம் தேதி ஷ்லிட் கொல்லப்பட்டார். ஏப்ரல் 26ஆம் தேதி ஹிட்லர் நாடாளுமன்றத்தில் நீதிபதிகளைச் சாடிப் பேசி, எவரையும் பதவிநீக்கும் அதிகாரத்தைப் பெற்றார். ஆகஸ்டில் ஓட்டோ டீராக் நீதி அமைச்சரானார். நாட்டின் தீர்ப்புகளை அலசி, எது சரி, எது மென்மை என்று கூறும் ரகசிய ‘நீதிபதிகளுக்கான கடிதங்கள்’ அக்டோபர் முதல் வரத் தொடங்கின.

டீராக் விட்டுச் சென்ற மக்கள் நீதிமன்றத் தலைமை ரோலண்ட் ஃபிரைஸ்லருக்குப் போனது. 1943 பிப்ரவரி 22ஆம் தேதி, ஆட்சியை எதிர்த்த மாணவர்களான ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் மூவரும் விசாரிக்கப்பட்ட அன்றே கொல்லப்பட்டார்கள். இந்த நீதிமன்றம் மொத்தத்தில் 5,000க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தது. எழுத்தாளர் எரிச் க்னாஃப், ஆட்சியைப் பற்றிப் பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரர் குறித்துவைத்துக் காட்டிக்கொடுத்ததால் 1944 மே மாதம் கொல்லப்பட்டார். அவர் மனைவிக்குக் கட்டணச் சீட்டு வந்தது. மரண தண்டனைக் கட்டணம் 300 மார்க், தண்டனையை நிறைவேற்றிய செலவு 158 மார்க் 18 பெனிக், அந்தச் சீட்டை அனுப்பிய தபால் செலவு 12 பெனிக். பிற செலவுகளையும் சேர்த்து மொத்தம் 585 மார்க் 74 பெனிக். நீதிமன்றத்தின் பேரேடு கடைசிவரை பிசகாமல் நடந்ததைக் காட்டும் அந்தத் தாளைப் போல மனத்தைக் கலங்கடிக்கும் ஆவணம் வேறொன்று இராது.

ராணுவ நீதிமன்றங்களின் கணக்கு இதைவிடப் பெரிது. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் கொல்லப்பட்டவர்கள் 48 பேர். இரண்டாம் போரில் விதிக்கப்பட்ட மரண தண்டனைகள் சுமார் 30,000 என ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

எதிர்த்து நின்ற நீதிபதியாக லோத்தர் கிரைசிக்கை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. பிராண்டன்பர்க் நகரில் காப்பாளர் நீதிபதியாக இருந்த அவர், தன் பொறுப்பிலிருந்த மனநோயாளிகள் அடுத்தடுத்து இறப்பதைக் கோப்புகளில் கவனித்தார். அவர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று உணர்ந்து, 1940 ஜூலையில் நீதி அமைச்சர் குர்ட்னருக்கு எழுதினார். கொலைத் திட்டத்தை நடத்திய பூலர் மீது கொலைப் புகார் கொடுத்தார். தன் அனுமதியின்றி நோயாளிகளை இடம் மாற்றக் கூடாதென்று மருத்துவமனைகளுக்குத் தடை போட்டார். அந்தக் கொலைகளுக்கு அனுமதி தந்து ஹிட்லர் கையொப்பமிட்ட கடிதத்தைக் காட்டியபோதும் அது சட்டமாகாது என்றார். அவருக்குக் கிடைத்தது கட்டாய ஓய்வு. ஓய்வூதியத்தோடு தன் பண்ணையில் வாழ்ந்து 1986இல்தான் காலமானார். மறுத்தால் உயிர் போயிருக்கும் என்ற சாக்கை அவர் வாழ்க்கை ஏற்கவில்லை. 1941 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞர்களையும் பெர்லினில் கூட்டி இதே கொலைத் திட்டத்தை விளக்கியபோது ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஃபிரைஸ்லர் 1945 பிப்ரவரி 3ஆம் தேதி விமானக் குண்டுவீச்சில் இறந்தார். டீராக் 1946இல் தற்கொலை செய்துகொண்டார். 1947இல் நியூரம்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றம், நீதித்துறையினர் 16 பேர் மீது குற்றம் சாட்டப்பட்ட வழக்கில், பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. தான் விலகியிருந்தால் இன்னும் மோசமானவர் வந்திருப்பார் என்ற முன்னாள் பொறுப்பு அமைச்சர் ஷ்லேகல்பெர்கரின் வாதம் எடுபடவில்லை. அவருக்கும் ரோத்தாக்குக்கும் ஆயுள் சிறை. ஆயினும் முன்னவர் 1951இலும் பின்னவர் 1956இலும் வெளியே வந்துவிட்டார்கள்.

மேற்கு ஜெர்மனியில் பழைய நீதிபதிகள் ஏராளமானோர் மீண்டும் பதவி பெற்றனர். ஃபிரைஸ்லரின் அமர்வில் உடனிருந்த ஹான்ஸ்-யோவாகிம் ரேசேவுக்கு 1967இல் கிடைத்த ஐந்தாண்டுத் தண்டனை அடுத்த ஆண்டே ரத்தாகி, மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். மக்கள் நீதிமன்றத்தின் தொழில்முறை நீதிபதிகளில் ஒருவர்மீதும் மேற்கு ஜெர்மனியில் தண்டனை நிலைக்கவில்லை. அந்த மன்றம் பயங்கரவாதக் கருவியே என்று நாடாளுமன்றம் 1985இல் அறிவித்தது. அதன் தீர்ப்புகள் 1998இல் சட்டப்படி ரத்தாயின. படையை விட்டு ஓடியவர்களுக்கு எதிரான தீர்ப்புகள் 2002இலும், ‘போர்த் துரோகம்’ புரிந்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு எதிரான தீர்ப்புகள் 2009இலும்தான் நீக்கப்பட்டன.