பாரத மாதா ஓவியமும் அதன் உட்பொருளும்

1905ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, கேர்சன் பிரபுவின் ஆணைப்படி வங்காளம் இரு கூறாக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவனீந்திரநாத தாகூரின் 'பாரத மாதா' தோன்றியது. அவர் முதலிற் கருதியது வங்க மாதாவையே. பின்னரே அவள் பாரத மாதாவாயினள்.

காவியுடுத்த இளநங்கை, தலையைச் சூழ ஒளிவட்டம், அடியில் வெண்டாமரைகள், கைகள் நான்கு. நாற்கை உடைமையால் தெய்வமென அறிகின்றோம். ஆயினும் அக்கைகளிற் படைக்கலம் ஒன்றேனும் இல்லை. ஏடு, நெற்கதிர், வெண்டுகில், செபமாலை என்பனவே உள. கல்வி, உணவு, உடை, ஆன்மநெறி ஆகியவற்றைத் தாய் தன் மக்களுக்கு வழங்குகின்றாள் என்பது கருத்து. இவற்றுள் வெண்டுகிலே காலத்தின் குரலைத் தெளிவாய் உணர்த்துவது. அந்நியப் பொருளை விலக்குகவெனக் கல்கத்தா நகர மண்டபத்தில் ஓகஸ்ட் 7ஆந் திகதி தீர்மானம் நிறைவேறியதும், மான்செஸ்ரர்த் துணி தீக்கிரையானதும் அவ்வாண்டிலன்றோ!

சுதேசியம் பேசும் இவ்வோவியத்தின் வண்ணமுறை மட்டும் முற்றிலும் சுதேசியமன்று. 1903இல் கல்கத்தாவுக்கு வந்த யப்பானிய ஓவியர் யொக்கொயாமா தைக்கானிடம் கண்ட நீர்வண்ண முறையே அதன் மங்கிய ஒளிக்குக் காரணம். மேனாட்டு நெய்வண்ணத்தை விடுத்துக் கீழைநாட்டு முறையை நாடியதும் ஒருவகை விலக்கே எனலாம்.

இப்படத்தைப் பல்லாயிரமாய் அச்சிட்டு, கேதாரநாதம் முதற் குமரிவரை குடிசைதோறும் சேர்ப்பிக்க நிவேதிதை அம்மையார் விழைந்தார். குடிசைகளை அடைந்தவையோ வேறு படங்கள். பிற்காலத்து அச்சுப்படங்கள் பல, தாயின் கையிற் சூலத்தையும் கொடியையும் கொடுத்து, அருகே சிங்கத்தையும் நிறுத்தின.