கறுப்பு அங்கியும் ஏட்டுச் சுவடியும்

தமிழ் இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் ஒரு செய்தியை எளிதில் உணர்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தமிழுக்கு உழைத்தவர்களுள் சட்டம் பயின்றோர் பலர். ஆங்கிலத்தில் சட்டம் கற்று, அதனால் பொருளீட்டிய இவர்கள் தமிழுக்கு அளித்தவை யாவை? அவர்கள் பயின்ற சட்டத்துறை தமிழுக்கு அளித்தது யாது? பத்தாண்டு நிறைவு காணும் நம் மன்றத்தின் மலரில் இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பது பொருத்தமாகும்.

சட்டக் கல்வி வளர்ந்த வகை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டிலும் உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டிலும் தோன்றின. சட்டத்திற்கெனத் தனிக் கல்லூரி 1891இல் அமைந்தது. அக்காலத்தில் வழக்காடுவோர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். இங்கிலாந்து சென்று பயின்று வந்த பாரிஸ்டர், பி.எல். பட்டம் பெற்ற வக்கீல், தனித்தேர்வு எழுதித் தேறிய பிளீடர் எனப் படிநிலைகள் இருந்தன. கலைப் பட்டம் பெற்ற பின்னரே பி.எல். பயில இயலும். ஆதலின் அப்படிப்பு பொருளும் பொறுமையும் உடையார்க்கே எட்டியது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமே இவ்வேற்றுமைகளை முற்றும் களைந்து, அனைவரையும் 'அட்வகேட்' என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது.

முன்னோர் மூவர்

பட்டம் பெறாமலே நீதித்துறையில் உயர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர் முன்சீப் ஆனவர். ஆங்கிலம் அறியாதாரும் சட்டத்தை அறிதல் வேண்டும் எனக் கருதி, 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதைக் கடிந்துரைக்கவும் அவர் தவறவில்லை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளுள் ஒருவர். அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றிக்கொண்டே பயின்று 1871இல் பி.எல். தேறினார், கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். அங்கிருந்த ஆண்டுகளிலேயே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். தொட்டவுடன் சிதையும் ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரையில் அவர் வருந்தி எழுதியுள்ளார். வழக்கு மன்றத்தில் ஈட்டிய பொருள் பழந்தமிழ் நூல்கள் அச்சேறத் துணைநின்றது.

வ. உ. சிதம்பரம் பிள்ளை பிளீடர் தேர்வில் தேறி 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1908இல் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தபோது வழக்காடும் உரிமையையும் இழந்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்ற அவரை வறுமையே வரவேற்றது. அந்நிலையிலும் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் பதிப்பித்தார். பின்னர் நீதிபதி வாலேஸ் என்பாரின் உதவியால் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஒருவனுக்குச் சோறிடும் தொழில் அவன் கொள்கையின் பொருட்டுப் பறிக்கப்படுமாயின் அவன் படும் பாட்டை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

சான்றும் வாதமும்

இவர்களைத் தொடர்ந்தோர் வரிசை நீண்டது. எம்.எல். பட்டம் பெற்ற கா. சுப்பிரமணிய பிள்ளை சென்னைச் சட்டக் கல்லூரியில் கற்பித்துப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்த ச. வையாபுரிப் பிள்ளை 1926இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். நாவலர் சோமசுந்தர பாரதியார் 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்னும் நூலில், நூற்றாண்டுகளாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற கைகேயிக்காக வாதாடினார். கன்னியா சுல்கமாக நாடு முன்னரே கொடுக்கப்பட்டது என்னும் செய்தியே அவர் காட்டிய முதற்சான்று.

இவற்றை நோக்கும்போது சட்டப் பயிற்சி பொருளை மட்டும் தரவில்லை என்பது புலனாகும். சாட்சிகள் முரண்படுமிடத்து நம்பத்தக்கது எது எனத் துணிவது வழக்கறிஞர் கடமை. ஏடுகள் முரண்படுமிடத்து உண்மைப் பாடம் எது எனத் துணிவது பதிப்பாசிரியர் கடமை. வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சி முடிவுகளை ஏற்காதார் பலர். எனினும் அவரை மறுக்க முனைவோரும் அவரைப்போலவே சான்று காட்டியாக வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது. தமிழாய்வு பெற்ற பெரும்பேறு இது.

தீராத கடன்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்தது. உயர் நீதிமன்றத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலமே நிலவுகிறது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநில உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அளிக்கப்பெற்ற இசைவைத் தமிழுக்கும் வேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உடன்படவில்லை. வேதநாயகரின் கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது.

இன்று சட்டம் பயில வருவோருள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவரும் உளர். அவர்கள் எழுத வேண்டிய அகில இந்தியத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயினும் தமிழில் கற்றவன் உயர் நீதிமன்றப் படியேறும்போது தன் மொழியை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டியுள்ளது. ஆணையால் மட்டும் இந்நிலை மாறிவிடாது. குழப்பத்திற்கு இடமின்றித் தீர்ப்பு எழுதத்தக்க தெளிந்த உரைநடையும், பொருள் பிறழாத கலைச்சொற்களும் பெருகுதல் வேண்டும். சொல்லின் எல்லையை அறிந்தவர் கவிஞர். பொருளின் எல்லையை அறிந்தவர் வழக்கறிஞர். இவ்விரு சாராரும் நம் போன்ற மன்றங்களில் கூடியமர்ந்து அப்பணியை மேற்கொள்ளலாம். ஏடுகளைக் காத்த அப்பெரியோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.