வாஷிங்டன் நகரத்து முட்டை உருட்டு விழா

கிறிஸ்து பெருமான் உயிர்த்தெழுந்த ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாளாகிய திங்கட்கிழமையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரான வாஷிங்டனில், சிறுவரும் சிறுமியரும் சாயந் தோய்த்த முட்டைகளைப் புல்வெளிச் சரிவில் உருட்டி விளையாடுதல் நெடுநாளைய வழக்கம். தாய் தந்தையரும் பாட்டன் பாட்டியரும் கூடைகளிற் கட்டமுது கொண்டு உடன் செல்வர். இவ்விளையாட்டின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுந்தோம். முட்டை விளையாட்டிற்கும் ஒரு வரலாறு உண்டோ என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். விளையாட்டு எளியதே, அது நிகழ்ந்த இடங்களோ அந்நாட்டின் சரித்திரம் எழுதப்பட்ட இடங்கள். அவற்றுள் நுழையத் தக்கார் யாவர் என்னும் வினா அப்புல்வெளிகளில் எழுந்தது, அதுபற்றியே எழுதுகின்றோம்.

ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பு நோற்றல் கிறிஸ்தவர் மரபு. பண்டு அந்நாட்களில் இறைச்சியேயன்றி முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மாந்தர் நோன்பு நோற்பினும் கோழிகள் நோற்பதில்லை. ஆதலின் முட்டைகள் குவிந்தன. குவிந்தவற்றை அவித்துச் சாயமிட்டுத் திருநாளிற் பிள்ளைகட்கு வழங்கினர். முட்டையை உருட்டுவது, கல்லறை வாயிலினின்று கல் உருண்டமையைக் குறிக்கும் என்று பொருள் கூறுவாரும் உளர். பிள்ளைகள் அப்பொருளை உள்ளத்திற் கொண்டு உருட்டினர் என யாம் கருதுகின்றிலம். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்து ஏவன்ஹாம் பூங்காச் சரிவிலும் இவ்வழக்கம் உண்டு.

வாஷிங்டனில் இதற்கு வாய்த்த சரிவு, சட்டமியற்றும் காங்கிரஸ் சபை கூடும் காபிட்டல் மாளிகையின் மேற்குப் புறமாகும். 1870களில் ஈஸ்டர் திங்களன்று குடும்பங் குடும்பமாக மக்கள் அங்கே திரண்டனர். முட்டையோடு பிள்ளைகளும் உருண்டனர், புல் நசுங்கிற்று. அக்காலத்திலேதான் அம்மாளிகையின் சுற்றுப்புறத்தைச் செம்மை செய்யும் பணி, பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் என்னும் பெயர்பெற்ற பூங்கா அமைப்பாளரிடம் 1874இல் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. புதிதாக இட்ட புல் பாழாவதைக் கண்ட சபையார், காபிட்டல் வெளியை விளையாட்டிடமாகக் கொள்ளலாகாது என்று 1876இல் ஒரு சட்டமே செய்துவிட்டனர். ஜனாதிபதி கிராண்ட் அதிற் கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போரின் புண் ஆறாத அந்நாளில், சட்டசபையார் புல்லுக்காகக் கூடி ஆராய்ந்தமை எமக்கு வியப்பையே தருகின்றது.

1877ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று மழை பெய்தமையால் சட்டம் சோதனைக்கு வரவில்லை. 1878 ஏப்ரல் 22ஆம் நாள் முட்டைக் கூடையோடு வந்த சிறுவரைக் காவலர் திருப்பி அனுப்பினர். அப்போது ஜனாதிபதியாயிருந்த ரதர்போர்டு ஹேயிஸ், தம் உறையுளாகிய வெள்ளை மாளிகையின் தென்புறப் புல்வெளியைப் பிள்ளைகட்குத் திறந்துவிட்டார். அன்று தொடங்கியதே வெள்ளை மாளிகை முட்டை உருட்டு விழா.

ஹேயிஸின் இச்செயலைப் போற்றுங்கால் மற்றொன்றையும் மறைத்தலாகாது. அடிமை வாழ்வினின்று விடுபட்ட கறுப்பின மக்கட்குத் தென்மாநிலங்களிற் காவலாய் நின்ற மத்திய அரசின் படையை 1877இல் விலக்கிக்கொண்டவரும் அவரே. அதன்பின் அம்மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. வாயில் ஒன்றைத் திறந்த அதே கை, அதற்கு முந்தின ஆண்டிற் பெருங்கதவு ஒன்றைச் சாத்திற்று.

விழா ஆண்டுக்காண்டு வளர்ந்தது. 1889இல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸன் காலத்தில், ஜான் பிலிப் சூசா தலைமையிற் கடற்படைப் பிரிவின் வாத்தியக்குழு இசை முழக்கிற்று. 1927இல் ஜனாதிபதி கூலிட்ஜின் மனைவியார் கிரேஸ் அம்மையார், தாம் வளர்த்த ரெபெக்கா என்னும் ராக்கூனைக் கையிலேந்தி வந்து குழந்தைகட்குக் காட்டினார். பெரியோர் தனித்து உள்ளே புகலாகாது, குழந்தையொன்று உடன் வரல் வேண்டும் என்பது விதி. அதனால் தெருச்சிறுவர் சிலர் வாயிலில் நின்று, பிள்ளையில்லாத பெரியோர்க்குச் சிறு கூலி பெற்று ‘மகனா’கி அவர்களை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டு, மீண்டும் வெளிப்போந்து வேறொருவர்க்கு ‘மகனா’யினர்! இவ்வணிகத்தை ஒடுக்கக் காவலர் பெரிதும் பாடுபட்டனராம்.

இனி, அவ்வாயிலைப் பற்றியே கூறுவோம். தொடக்க ஆண்டுகளிற் கறுப்பினச் சிறார் சிலரும் அப்புல்வெளியிற் காணப்பட்டனர் என்பதற்குச் சான்று உண்டு. எனினும் பின்னர் அவர்கட்கு வாயில் அடைபட்டது. கறுப்பினத்தார் வரலாகாது என்று சட்டம் எழுதினாரில்லை, புல்லுக்கு எழுதிய சட்டம்போல் இதற்கு ஒன்று வேண்டியிருக்கவில்லை, வழக்கமே போதியதாயிற்று. இத்தனைக்கும் அம்மாளிகையைக் கட்டுதற்குக் கல் வெட்டியும் மரம் அறுத்தும் உழைத்தவருள் கறுப்பின அடிமைகளும் இருந்தனர். அவர்தம் வழிவந்தோரின் மக்களே வேலிக்கு வெளியே நின்றனர்.

எழுதாத தடை எத்தகையது என்பதை யாமும் ஒருவாறு அறிவோம். எம் இளமையில், இன்ன ஊர் என்று சொல்ல விரும்பாத ஓரூர்த் திருவிழாவில், வேலிக்கு இப்பால் நின்று வாணவேடிக்கை பார்த்திருக்கின்றோம். உள்ளே வராதே என்று எவரும் வாய்திறந்து சொன்னதில்லை. எம் தந்தையார் எம் கையைப் பற்றியிருந்த இறுக்கமே சொல்லிற்று.

வாஷிங்டன் நகரத்துக் கறுப்பினக் குடும்பத்தார் வேலியைப் பற்றிக்கொண்டே நின்றுவிடவில்லை. ராக் கிரீக் ஓடைப் பள்ளத்தாக்கில் காங்கிரஸ் சபை 1889இற் சட்டம் செய்து நிறுவிய தேசிய மிருகக்காட்சிசாலை, 1891இல் மக்கட்குத் திறக்கப்பட்டது. அது பொதுப்பணத்தில் நடப்பது, நுழைவுக் கட்டணம் இல்லாதது, எவரும் புகத்தக்கது. மேடு பள்ளமான அவ்விடத்தில் முட்டை உருட்டுதற்குரிய சரிவுகளும் பல. ஈஸ்டர் திங்கள் அவர்கட்கு மிருகக்காட்சிசாலை நாளாயிற்று. கோயிலுக்கு அணிந்த புத்தாடையை மறுநாளும் அணிவித்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உணவுக் கூடைகளோடு வந்து புல்லில் விரிப்பு விரித்து, உற்றார் உறவினர் எல்லாரும் ஒருங்கிருந்து உண்டனர். பிள்ளைகள் முட்டை உருட்டினர். ஆண்டு முழுதும் ஒருவரையொருவர் காணாத உறவினர் அன்று கண்டனர். அவ்விடத்தை வகுத்தமைத்தவருள் ஒருவர், காபிட்டல் புல்லைச் செம்மை செய்த ஓம்ஸ்டெட்டே என்பது அறியத்தக்கது. ஓரிடத்துப் புல்லைக் காக்கப் பிள்ளைகள் துரத்தப்பட்டனர். அவர் வகுத்த மற்றோரிடத்துப் புல் பிள்ளைகட்குப் புகலாயிற்று.

1943 முதல் 1952 வரை, போராலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் மாளிகையைப் பழுதுபார்த்தமையாலும் வெள்ளை மாளிகை விழா நிகழவில்லை. 1953இல் ஜனாதிபதி ஐஸனோவர் அதனை மீட்டும் தொடங்கினார். அவ்வாண்டில் அவர் மனைவியார் மேமி அம்மையார், வேலிக்கு வெளியே நின்று உள்ளே நோக்கிய கறுப்பினச் சிறுவர்களைக் கண்டு, இவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று வினவினார் என்பர். அடுத்த ஆண்டு, 1954இல், அவர்கட்கும் வாயில் திறந்தது. அவ்வாண்டு ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 19ஆம் நாள். சரியாக நான்கு வாரங் கழித்து, மே 17ஆம் நாள், பள்ளிக்கூடங்களில் நிறம்பற்றிப் பிள்ளைகளைப் பிரித்துவைத்தல் அரசியற் சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேமி அம்மையாரின் வினா நல்ல வினாவே. ஆயினும் அத்தீர்ப்பு அங்ஙனம் ஒரு வினாவாற் பிறந்ததன்று. பிள்ளைகளின் பெற்றோர் பல்லாண்டு வழக்காடிப் பெற்றது. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்து எண்ணுவார் உளராயின், யாம் அவரோடு உடன்படேம்.

வாயில் திறந்தபின் மிருகக்காட்சிசாலை விழா ஓய்ந்திருக்கும் என்றே அன்பர்கள் எண்ணுவீர்கள். யாமும் அங்ஙனமே எண்ணினோம். அஃது ஓயவில்லை. வெள்ளை மாளிகைப் புல்வெளிக்கு இக்காலத்திற் சீட்டுக் குலுக்கி நுழைவுரிமை வழங்குகின்றனர். அங்கே பிள்ளைகள் நீண்ட கரண்டியால் முட்டையைப் புல்லின்மேல் தள்ளி ஓடுவர். மிருகக்காட்சிசாலைச் சரிவிலோ, விலக்கப்பட்டோரின் பேரர்களும் அவர்தம் மக்களும் ஈஸ்டர் திங்களன்று பழைய வழக்கப்படியே கூடிவந்தனர். எங்கே போகலாகாது என்பதனாற் பிறந்த அவ்வழக்கம், அங்கே போதற்கு உரிமை வந்த பின்னரும், எம் பாட்டியார் எங்களை அழைத்துச் சென்ற இடம் இது என்னும் ஒரு காரணத்தாலேயே நின்று நிலவுகின்றது.