தலையைச் சாய்த்தால் தெரியும் சிரிப்பு

1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ரகளை. லிஃப்டில் பாதரசம் சிந்திக் கிடக்கிறது என்று கணினி அறிவிப்புப் பலகையில் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் மெய்யென்று நம்பிவிட்டார்கள். கேலி எது, மெய் எது என்று பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் ஒரு யோசனை சொன்னார்: ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஓர் அடைப்புக்குறி, மூன்றும் சேர்ந்தால் சிரிக்கும் முகம். பக்கவாட்டில் படியுங்கள் என்றும் கூடவே எழுதினார்.

அந்தக் கடைசிக் குறிப்பு கண்ணுள்ளவர்களுக்கு மட்டுமானது. காதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் முக்காற்புள்ளி முக்காற்புள்ளிதான்.

பார்வையற்றவர்கள் கணினியை ஸ்கிரீன் ரீடர் வழியே கேட்கிறார்கள். அதற்கு ஜாஸ் என்றொரு மென்பொருள் உண்டு, விலை கூடுதல். 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ இலவசம், தமிழையும் வாசிக்கும். நிறுத்தக்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதை இவற்றில் கூட்டலாம், குறைக்கலாம். முழுக்க வாசிக்கச் சொன்னால் ஃபால்மனின் சிரிப்பு ‘கோலன் டேஷ் ரைட் பேரன்’ என்று ஒலிக்கும். குறைத்து வைத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. வேலை நடக்க வேண்டுமென்றால் குறைத்துத்தான் வைத்தாக வேண்டும். விளைவு என்ன? ‘உன்னை மாதிரி சோம்பேறியை நான் பார்த்ததே இல்லை’ என்று எழுதி, பின்னால் ஒரு சிரிப்பு வைத்தால், சிரிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும். வசவு மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

பிறகு சிரிப்பு ஜப்பானுக்குப் போய் படமானது. 1999-இல் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா 176 குட்டிப் படங்களை வரைந்தார். கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடின் 2010-இல் வெளிவந்த 6.0 பதிப்பு நூற்றுக்கணக்கான இமோஜிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் பெயரும் கொடுத்தது. எந்தக் குறி எது என்று அடையாளம் காட்ட வைத்த பெயர்கள்தான். ஆனால் ஸ்கிரீன் ரீடருக்குப் பிடித்துக்கொள்ள முதன்முறையாக ஒரு கைப்பிடி கிடைத்தது. அதுவரை ஊமையாக இருந்த சிரிப்பு ஒரேயடியாக வாயாடியாகிவிட்டது.

எவ்வளவு வாயாடி என்பது திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் புரியும். ‘சமயபுரம், சமயபுரம்’ என்று கூவல். ஸ்ரீரங்கம் போகும் 1-ஆம் நம்பர் பஸ்ஸின் ஹாரன். பார்வையற்றவர்களுக்குத்தான் வாய்ஸ் நோட் இருக்கிறதே, எதற்கு எழுத்து என்று கேட்பவர்கள் அங்கே நின்று ஒன்றைப் பதிவு செய்து பார்க்கட்டும். புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி உள்ள ஊர் இது. வெள்ளைக்கோலோடு இங்கே பஸ்ஸுக்கு நிற்பவர் ஒரு காதைப் போனுக்குக் கொடுத்தால், மறு காதை பஸ்ஸுக்கு வைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு சித்தப்பா ‘காலை வணக்கம்’ என்று எழுதி வரிசையாக ரோஜாப்பூ அனுப்புகிறார். போன் ‘ரோஸ், ரோஸ், ரோஸ்’ என்று எண்ணிக்கொண்டே போகும். பஸ்ஸும் போகும்.

இது தொல்லைதான், துயரமில்லை. துயரம் இரங்கல் செய்தியில் இருக்கிறது. கண்ணோரம் சொட்டுப் போல நீர் நிற்கும் மஞ்சள் முகம் ஒன்றை அழுகை என்று நினைத்து நம்மவர்கள் சாவுச் செய்திக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் அது சொட்டே அல்ல, ஜப்பானியச் சித்திரக்கதைகளில் தூங்குபவர் மூக்கில் வரும் குமிழி. யூனிகோடு அதற்கு இட்ட பெயர் ‘ஸ்லீப்பி ஃபேஸ்’. அப்பாவைப் பறிகொடுத்தவரின் காதில் ‘ஆழ்ந்த இரங்கல், தூக்க முகம்’ என்று விழுந்தால் அவர் என்னதான் நினைப்பார்?

அதனால்தான் பார்வையற்ற பலர் உணர்ச்சியைச் சொல்லிலேயே வைத்துவிடுகிறார்கள். ‘ஹிஹி’ வேறு, ‘ஹாஹாஹா’ வேறு. ‘ப்ச்’, ‘அடப்பாவி’, ‘அய்யய்யோ’ எல்லாம் படமில்லாமலே முகம் காட்டும். ‘(சிரித்துக்கொண்டே)’ என்று நாடக வசனம் போல அடைப்புக்குறிக்குள் போடுவதும் உண்டு. ஸ்கிரீன் ரீடர் இதையெல்லாம் மின்கட்டணத் தொகையைச் சொல்லும் அதே குரலில்தான் சொல்லும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. அந்தக் குரலைத் தினமும் கேட்பவருக்குச் சிரிப்பைச் சேர்த்துக்கொள்ளத் தெரியும்.

இமோஜியைத் தொடவே மாட்டார்கள் என்றும் இல்லை. விரலை நகர்த்தி, பெயரைக் கேட்டு, பிடித்ததை அனுப்புகிறார்கள். இங்கே வம்பு திசை மாறுகிறது. மூக்கில் புகை விடும் முகத்துக்கு யூனிகோடு முதலில் வைத்த பெயர் ‘வெற்றிப் பார்வை கொண்ட முகம்’. ‘மூக்கிலிருந்து ஆவி’ என்ற பெயர் பிறகு வந்தது. பழைய பெயரைச் சொல்லும் போனில் அதைக் கேட்டு ஒருவர் ‘அரியர் எல்லாம் கிளியர்!’ என்பதற்குப் பக்கத்தில் வைத்தால், கண்ணுள்ள நண்பர் பார்ப்பது கோபத்தில் பொங்கும் முகத்தை. ‘பாஸ் ஆயிட்டு ஏன்டா கோபப்படுற?’ என்றுதான் பதில் வரும்.