வடிகட்டியைக் கழுவியதும் மீன் சாவது ஏன்? செடித்தொட்டிக்கு வேலை குறைந்த அமைப்பு

வார இறுதியில் மீன் கடைக்குப் போய் இரண்டடித் தொட்டி, கொஞ்சம் செடி, பத்துப் பதினைந்து மீன் என்று வாங்கி வருகிறார்கள். சில வாரங்களில் வடிகட்டியின் பஞ்சு கறுத்துப்போகிறது. அதைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவுகிறார்கள். ஓரிரு நாளில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கின்றன. பழி பெரும்பாலும் கடைக்காரர் மேல்தான் விழுகிறது.

கறுத்த பஞ்சில் இருப்பது வெறும் அழுக்கு அல்ல. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. பஞ்சில் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை; செடிக்கு அது உரம். குழாய்நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின், இந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறது. புதிய தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஆகவே, அழுக்கைப் பிடிக்கும் இடத்தையும் பாக்டீரியா வாழும் இடத்தையும் பிரித்துவிடுவதே வேலையைக் குறைக்கும் வழி. தொட்டி விளிம்பில் மாட்டும் 'ஹேங் ஆன்' வடிகட்டியாக இருந்தால், நீரை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு பஞ்சு உறையை மாட்ட வேண்டும். பெரிய தூசியெல்லாம் அதிலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் கரிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, பீங்கான் வளையங்களை நிரப்பலாம். கரி சில வாரங்களில் பயனிழக்கும். அதை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. பிறகு கழுவ வேண்டியது வெளியே உள்ள பஞ்சு உறை மட்டுமே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து, அதில் நாலு முறை பிழிந்தால் போதும். வெள்ளையாக வேண்டியதில்லை.

அளவுக்கு வருவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 64 லிட்டர் கொள்ளும். மண்ணும் கல்லும் போக 55 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு ஐந்து முறை நீர் சுழல 275 லிட்டர் ஓட்டம் தேவை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது உள்ளே எதுவும் நிரப்பாதபோது கிடைக்கும் ஓட்டம். எனவே 400 லிட்டர் என்று போட்டதை வாங்கி, திருகிக் குறைத்துக்கொள்வது நல்லது. சண்டைமீனுக்கு வேகமான ஓட்டம் ஆகாது.

இதைவிட மலிவானது, காற்று பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி. கெடுவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. பம்பை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லையெனில் மின்தடையின்போது நீர் குழாய்வழியே பின்வாங்கி பம்புக்குள் இறங்கும். செடிக்குக் கரியமில வாயு உருளை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. குமிழிகள் அந்த வாயுவை வெளியேற்றிவிடும்.

மூடிய 'கேனிஸ்டர்' வடிகட்டிக்குப் பெரிய எதிரி மின்தடை. பல மணி நேரம் ஓட்டம் நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே பாக்டீரியா மடியும், நீர் நாறும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த நீர் முழுதும் தொட்டிக்குள் போகும். முதலில் திறந்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

எந்த வடிகட்டியும் அழுக்கை மறையச் செய்வதில்லை, ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். நீரிலிருந்து உண்மையில் வெளியேற்றுபவை செடிகளும் வாளியும். வாரம் கால்பங்கு நீர் மாற்றும்போது 'ஆண்டி குளோரின்' திரவத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோராமின். ஒருநாள் வாளியில் பிடித்துவைத்தால் சரியாகிவிடும் என்ற பழைய பழக்கம் அங்கே பலிக்காது.

செடிகளில், தீபகற்ப மலேசியாவின் ஓடைகளிலேயே வளரும் கிரிப்டோகோரின் வகைகள் குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். இடம் மாற்றி நட்டால் இலைகள் கரைந்து விழும். வேர் உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும், பிடுங்கி எறிய வேண்டாம். வாசலில் படர்ந்திருக்கும் மணி பிளாண்ட்டில் ஒரு கிளையை வெட்டி, இலை வெளியிலும் வேர் நீரிலும் இருக்குமாறு தொட்டி விளிம்பில் செருகினால், அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.