பக்கத்து நாடு அடித்த காசு

எல்லை தாண்டிப் போகிறவனுக்கு இரண்டு நாணயங்கள் இருப்பதே தொல்லை என்பது பொதுவான எண்ணம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வட்டம் போகிறது, கணக்கு குழம்புகிறது, ஏமாறவும் வாய்ப்புண்டு. ஆனால் திபெத், நேபாளம், இந்தியா ஆகிய மூன்றுக்கும் இடையே நானூறு ஆண்டுகளாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலைக் கவனித்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இரண்டு நாணயங்கள் புழங்கும் எல்லையில் நட்டம் சில்லறையாகப் போகும். ஒரு நாடு அடித்த காசையே இரண்டு நாடுகளும் நம்பியிருக்கும் எல்லையில் என்றாவது ஒருநாள் மொத்தமாகப் போகும். அப்போது அடி விழுவது காசு அடிக்காதவன் தலையில்.

திபெத்துக்கு நெடுங்காலம் சொந்தமாக அக்கசாலை கிடையாது. காத்மாண்டு பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல மன்னர்கள்தான் அதற்குக் காசு அடித்துக் கொடுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மகேந்திர மல்லன் பெயரால் வந்த மகேந்திரமல்லி என்ற வெள்ளிக்காசு மலைக்கு அப்பாலும் செல்லுபடியானது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரதாப மல்லன் காலத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நேவார் வணிகர்கள் லாசாவில் 32 கடைகள் வரை வைத்துக்கொள்ள உரிமை பெற்றார்கள். திபெத்துக்கான காசை அடிக்கும் உரிமையும் நேபாளத்திடமே நின்றது. திபெத்திலிருந்து வெள்ளிக்கட்டிகள் கூதி, கேருங் கணவாய்கள் வழியாகக் கீழே இறங்கும். கம்பளி, கஸ்தூரி, உப்பு மூட்டைகள் வந்த பாதையும் அதுதான். காசாக மாறிய வெள்ளி மறுபடி மலையேறும். லாசா சந்தையில் சில்லறை கிடைக்காததால் அந்தக் காசையே வெட்டிப் பாதி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று துண்டுகளாகப் புழங்கவிட்டார்கள். ஒரு தேநீர்க் கட்டிக்கு விலை பேசுகிறவன் கையில் முழுக் காசும் இருக்கும், வெட்டுத் துண்டும் இருக்கும்.

அடிக்கிறவன் நேர்மையாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டியாகப் போன வெள்ளிக்கும் காசாகத் திரும்பிய வெள்ளிக்கும் இடையில் செம்பைக் கலக்கும் ஆசை எந்த அரசனுக்கும் எளிதில் வந்துவிடும். கடைசி மல்லர்களான காத்மாண்டுவின் ஜயப்பிரகாசனும் பக்தபூரின் ரணஜித்தும் கோர்க்கர்களோடு நடந்த போரில் கஜானா வற்றிய நிலையில் மாற்றுக் குறைந்த காசை அடித்து மலைக்கு அனுப்பினார்கள். 1768இல் காத்மாண்டுவைப் பிடித்த கோர்க்கர் மன்னர் பிருதிவி நாராயண் ஷா சுத்தமான வெள்ளியில் புதுக்காசு அடித்துத் தர முன்வந்தார். அதற்கு அவர் கேட்ட விலை, பழைய காசின் மதிப்பைத் திபெத் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. மக்கள் வீடுகளில் சேர்ந்திருந்ததெல்லாம் பழைய காசு. கலப்படம் செய்தவர் ஒருவர், பழியேற்கச் சொல்லப்பட்டவர் இன்னொருவர். திபெத் இணங்காததில் வியப்பில்லை. பேச்சு இழுபட்டுக்கொண்டே போய், 1788இல் கோர்க்கர் படை எல்லை தாண்டியது.

அந்தப் போர் காசுக்காக மட்டும் நடந்ததல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. உப்பில் மண் கலந்து வருகிறது என்ற சச்சரவு இருந்தது; நேபாளத்தில் தஞ்சம் புகுந்த ஷாமர்பா லாமாவின் தூண்டுதல் இருந்தது; திபெத்தின் தாஷிலுன்போ மடத்தின் செல்வத்தின்மேல் கண் இருந்தது. எல்லாம் உண்மை. 1791இல் அந்த மடம் சூறையாடப்பட்டது என்பதே ஆசையின் அளவைக் காட்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தூது போய்வந்தது காசின் மதிப்பைப் பற்றித்தான். போர் முடிந்ததும் வென்றவர் கைவைத்த இடத்தையும் பாருங்கள். திபெத்தின் உதவிக்கு வந்து, 1792இல் கோர்க்கர்களைத் துரத்திக்கொண்டு நேபாளத்துக்குள்ளேயே இறங்கிய சீனப் பேரரசு, மறு ஆண்டே திபெத்துக்கு விதித்த சீர்திருத்தங்களில் நாணயத்துக்கென்று ஒரு விதி வைத்தது. ஒருபுறம் சீன எழுத்தும் மறுபுறம் திபெத்திய எழுத்துமாக லாசாவிலேயே வெள்ளிக்காசு வெளிவந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் விக்டோரியா தலை போட்ட இந்திய ரூபாய் கிழக்குத் திபெத்வரை பரவியது; அதைத் தடுக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சுவானில் சீனப் பேரரசரின் தலை பொறித்த ரூபாயே அடித்தார்கள். பக்கத்து நாட்டுக் காசு வீட்டுக்குள் புழங்குவதன் விலை என்ன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

காலம் திரும்பியபோது திபெத் நின்ற இடத்தில் நேபாளம் வந்து நின்றது. 1956இல் நேபாள ராஷ்டிர வங்கி தொடங்கப்பட்டபோது தராய் சமவெளியில் இந்திய ரூபாயின் ஆட்சிதான் நடந்தது. 1960இல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று விகிதம் கட்டப்பட்டது. இடையில் பலமுறை மாறி, 1993 முதல் மீண்டும் அதே 160. நேபாள எல்லை நகரான பீர்கஞ்சின் கடைத்தெருவில் விலை கேட்டால் ஐசியா, என்சியா என்று திருப்பிக் கேட்பார்கள். இந்திய நோட்டு ஐசி, நேபாள நோட்டு என்சி. ஒன்றுக்கு ஒன்று அறுபது என்று மனக்கணக்காகவே சொல்லி மீதி தருவார்கள்.

இந்த வசதி பொய்யல்ல. எல்லைக்கு இப்பால் ரக்சாலில் சரக்கெடுக்கும் சிறுவியாபாரிக்கும் இந்தியாவில் கூலிவேலை செய்து பணத்தோடு ஊர் திரும்புகிறவருக்கும் நிலையான விகிதம் பெரிய காப்பு. விகிதத்தைக் கைவிடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விகிதத்தை நேபாளம் தானே கட்டிக்கொள்ளலாம். நோட்டு செல்லுமா செல்லாதா என்பதை மட்டும் தில்லிதான் சொல்ல முடியும். 2015இல் 500, 1000 ரூபாய் நோட்டுகளாக 25,000 ரூபாய் வரை நேபாளத்துக்குக் கொண்டுபோக இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு அந்த நோட்டுகள் செல்லாமல் போயின. இந்தியர்களுக்கு வங்கி வாசலில் வரிசையாவது இருந்தது. நேபாளத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் 3 கோடி ரூபாய்க்கு மேல் பழைய நோட்டுகள் தேங்கின. வீடுகளில் கிடந்தது தனி. பேச்சுவார்த்தை நடந்தது, மாற்று கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளம் தடை செய்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கள்ளப்பணம் உள்ளே வந்துவிடும் என்ற இந்தியாவின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கான வரம்பை இந்தியாவே முன்பு வகுத்திருந்தது. ஆளுக்கு 25,000 ரூபாய் என்று தான் அனுமதித்த அளவையாவது, அடையாளம் பார்த்து, இந்தியா மாற்றித் தந்திருக்க வேண்டும்.